கறுப்பன் திரும்பி வந்த கல்

நண்டு என்றால் போதும், கிருஷாந்தினி டீச்சருக்குச் சோறு தண்ணி மறந்துபோகும். மாத்தளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள், அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கல்யாணம் கட்டி, முப்பதும் தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்குப் பெயர் கொடுத்தாள். ஆய்வுக்கு எங்கும் அலையவில்லை. தோட்டத்துக்குக் கீழே பாறை பாறையாக இறங்குகிற ஓடையே போதும் என்றுவிட்டாள்.

அந்த ஓடையில் இரண்டு வகை நண்டு உண்டு. பெரியது கறுப்பு, சின்னது சிவப்பு. இரண்டுக்கும் ஒரே பாறையிடுக்கு, ஒரே இரை. எந்த இடத்தில் எது அதிகம், ஏன் என்பதுதான் அவளுடைய கேள்வி. ஓடையைக் கடக்கிற பாலத்துக்கு மேற்புறம் சில கல், கீழ்ப்புறம் சில கல் என்று தெரிந்தெடுத்து மஞ்சள் பெயின்டால் குறி போட்டாள். சனிக்கிழமை தவறாமல் முழங்கால் தண்ணீரில் நின்று நண்டை எண்ணினாள். நின்ற பலன், சளி பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவளுடைய கணவர் ஜீவராஜ் ஓட்டோ ஓட்டுகிறவர். அன்பை வாயால் சொல்ல வராத மனுஷன், இருமல் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்விடுவார். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, நண்டை இடித்து வடிகட்டி ரசம் வைப்பார். நண்டை ஆராய்கிற பெரிய மனுஷி அதை ஊதி ஊதிக் குடித்தாள். எங்கே பிடித்த நண்டு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வருஷத்தில் பாலத்துக்குக் கீழே கறுப்பு நண்டு அருகிப்போனது. சிவப்பு பட்டப்பகலில் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. மேலே எப்போதும்போல் கறுப்பின் ராச்சியம். சின்னது பெரியதை விரட்டுகிறது என்று பேராசிரியருக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவரும் மகிழ்ந்துபோய், திங்கட்கிழமை துறையில் எல்லோர் முன்னாலும் வந்து பேசச் சொன்னார்.

அந்த ஞாயிறு ரசம் குடிக்கும்போதுதான் ஜீவராஜ் சொன்னார்.

"இப்பல்லாம் பெரிய நண்டு கெடைக்க மாட்டேங்குது கிருஷா. நீ பெயின்ட் அடிச்ச கல்லுலயே இல்ல."

"பெயின்ட் அடிச்ச கல்லுல புடிச்சீங்களா?"

"நண்டு இருக்கிற எடம்னுதானே அடையாளம் போட்ட? பாலத்துக்குக் கீழ ஓட்டோ நிப்பாட்ட வசதி. பெருச மட்டுந்தான் எடுத்தேன். குட்டிகள விட்டுட்டேன்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு வருஷ உழைப்பைத் தன் வாயாலேயே குடித்து முடித்திருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டவும் மனம் வரவில்லை.

விடியும்வரை புரண்டவளுக்கு ஒன்று பட்டது. பெரியதை எடுத்த இடத்தில்தானே சின்னது வெளியே வந்திருக்கிறது? அப்படியானால் இத்தனை காலமும் அதை இடுக்குக்குள் அடக்கி வைத்தது பெரியதுதான். திங்கட்கிழமை சபையில் ரசக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. இனி நண்டில் கையை வைக்காமல் விட்டு, கறுப்பு திரும்பி வந்து சிவப்பு மறுபடி ஒதுங்கினால் அவள் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம், வராவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.

அதன்பிறகு வீட்டில் இருமலுக்குக் கொத்தமல்லித் தண்ணிதான். மாதங்கள் போயின, மஞ்சள் கல்லில் சிவப்பே உட்கார்ந்திருந்தது. அவள் நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட இடைவேளையில் போன் அடித்தது.

"ஒன் கறுப்பன் வந்துட்டான், கிருஷா. கல்லு மேல குந்திக்கிட்டு இருக்கான். செவப்பு ஒன்னையும் காணோம், எல்லாம் இடுக்குக்குள்ள போயிருச்சு."

"கைய வச்சிராதீங்க."

"கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். நீ வர்ற வரைக்கும் நிப்பேன்."