பித்தான் டப்பா

பழைய பிஸ்கட் டப்பா அது. உள்ளே சட்டைப் பித்தான்கள். அதைக் குலுக்கினால் எனக்குக் கூடவே கப்பலின் சங்கும் கேட்கும். அறுபதுகளின் கடைசியில், அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கு, எங்கள் பேச்சில் மெயின்லேண்டுக்கு, கப்பல் கிளம்புவது போர்ட் பிளேயர் முழுக்கத் தெரியும். சங்கு ஊதினால் பஜாரில் மீனுக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட ஒரு நொடி நிறுத்துவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்ட பிள்ளை ஏதாவது அந்தக் கப்பலில் போகிறதென்றால், எங்கள் மேடம் மட்டும் துறைமுகத்தில் இருக்கமாட்டார். அந்தப் பிள்ளையை வளர்த்த வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

நகராட்சி அலுவலகத்தின் மூலையில் எங்களுக்கு ஒரு மேசை. மேடம் அதிகாரி, நான் குமாஸ்தா; ஊராருக்குக் 'கிளார்க்கம்மா'. பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளை, சொந்தக்காரர் கிடைக்கும்வரை வைத்து வளர்க்க வீடு தேடுவதுதான் வேலை. தமிழிலும், அரைகுறை இந்தியிலும், அதைவிட மோசமான வங்காளத்திலும் வீடு வீடாகக் கெஞ்சுவேன். ஒருவரைச் சம்மதிக்க வைத்துவிட்டால் கோட்டையைப் பிடித்த பெருமை எனக்கு. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த வீடு மறுபடி கதவைத் திறப்பதுதான் பெரிய காரியம் என்பது மண்டையில் ஏறவில்லை. ஒருமுறை, மரியாதை செய்வதாக நினைத்து, பிள்ளையை வளர்த்த வங்காளி அம்மாவைத் துறைமுகத்துக்கே கூட்டிப்போனேன். கப்பல் நகர்ந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்றும் என்னைக் கூசவைக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தேநீர் கிடைத்தது, சம்மதம் கிடைக்கவில்லை.

தையல்கார அக்கா ராமநாதபுரத்துக்காரர். பதினோரு மாதம் ஒரு சின்னப் பையனை வைத்திருந்தார். அவனுடைய சித்தப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். இருவரையும் துறைமுகத்தில் விட்டுவிட்டு நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். என் பையில் இன்னொரு படிவம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காள் தங்கை இரண்டு பேர் வீடில்லாமல் காத்திருந்தார்கள். கப்பல் திரும்பி வருவதற்குள் வீடு அமையாவிட்டால் மெயின்லேண்ட் அனாதை இல்லங்களுக்கு அனுப்பிவிட உத்தரவு. அதுவும் ஆளுக்கொரு இல்லத்துக்கு.

நான் வாசலை எட்டவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. தையல் மிஷின் நின்றது. மேடம் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எம் பேர அடிச்சிருங்க மேடம். இத்தோட போதும். இன்னொரு தடவ என்னால முடியாது" என்றார் அக்கா.

"சரி" என்ற மேடம், அடுத்த சட்டைக்குக் கை நீட்டினார். நான் பையைத் திறந்தேன். "மூடு" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரமாக வந்தது. "நாள் இல்லையே மேடம்" என்றேன். "இன்னிக்குக் கேட்டா, நாம அங்க உக்காந்ததே பொய்யாயிடும்" என்றார். மறுநாள் மாலையும் அக்கா வீட்டுக்குப் போனார். அதற்கு மறுநாளும். பகலில் மற்ற வீடுகளின் படிகளை ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் கைவிரித்தார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள், துணி வெட்டிக்கொண்டே அக்கா கேட்டார்: "ஆஸ்பத்திரில அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இருக்காகளாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான பேர அடிக்கச் சொன்னீங்க?"

"அடிச்சிட்டீகளா?"

"பேனால இங்க் இல்ல" என்றார் மேடம்.

அக்கா சிரித்தார். அந்த ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. மறுநாளே இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மேடம் சாமர்த்தியமாகக் காரியம் சாதித்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாலைகளிலும் அவர் அங்கே போனார். அதைப் பார்த்த பிறகு அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மூன்று வருடம் கழித்து மேடத்துக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. "துறைமுகத்துக்கு வராத, ஆபீஸ்ல இரு" என்று சொல்லிவிட்டார். அவர் கப்பல் ஏறிய அன்று, காலியான நாற்காலிக்கு எதிரே கோப்பைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன்; ஒரு வரி ஓடவில்லை. தையல்கார அக்கா உள்ளே வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசைமேல் டப்பாவையும் இரண்டு சட்டைகளையும் வைத்தார்.

"சும்மாதான இருக்கீக கிளார்க்கம்மா. பட்டன் தைங்க."

சங்கு ஊதியது. கண்ணீரில் எனக்கு ஊசி தெரியவில்லை. அக்கா என் கையைப் பார்த்தார். "பக்கம் மாத்தித் தெச்சிட்டீக. இருக்கட்டும். கப்பல் போகட்டும், அப்புறம் பிரிச்சுக்கிருவோம்."

டப்பாவை அன்று அவர் திருப்பி எடுத்துப்போகவில்லை. இப்போது நான் இதே ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பத்துபஸ்தியில் இருக்கிறேன். இங்கே சங்கு கிடையாது. விமானம் கூரைக்கு மேலே இரைந்துவிட்டுப் போய்விடும். இன்று காலை பக்கத்து வீட்டம்மாவின் மகன் அதில் மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போனான். டப்பாவையும் பேரனின் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன விஷயம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஊசியில நூல் கோத்துக் குடுங்க" என்றேன்.