பின்பலகையில் அம்மா

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய புகைப்படங்களை மாட்டியிருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் படத்துக்குக் கீழே 'அன்றாட வாழ்க்கை' என்று எழுதியிருந்தது. "ஒரு ஜீப்புல எம்புட்டுப் பேரு பாருங்க!" என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

கம்பத்தில் எங்கள் தெருமுனையில், இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில், விடியுமுன் டீசல் புகையும் சுடுசோற்று ஆவியும் கலந்து கிடக்க, "ஏறுங்காத்தா, நேரமாச்சு" என்று டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்க, உள்ளே உட்கார்ந்தால் மலை வளைவுகளில் குமட்டும் என்று அம்மா எப்போதும் பின்பலகையில்தான், ஒரு கையில் கம்பியும் மறுகையில் தூக்குவாளியுமாகத் தொற்றிக்கொண்டு போவாள். பொழுது சாய ஏலக்காய் மணத்தோடு இறங்குவாள்.

ஒரு நாள் காலை ஜீப் மலையேறும்போதே பள்ளத்தில் உருண்டது. மூடி இறுகிய தூக்குவாளிதான் அம்மாவுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. இழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. சாயங்காலம் நான் பசியில் அழுதபோது, பக்கத்து வீட்டு அத்தை அந்தத் தூக்குவாளியைத் திறந்து, "ஒங்கம்மா பொங்குனதுதேன், தின்னு ஆத்தா" என்று ஊட்டினாள்.

காலையில் வடித்த சோறு. இன்னும் கெட்டிருக்கவில்லை.