வெயிலில் கிடந்த இரண்டு கம்பிகள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், திகாம் பத்து ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் இன்ஜின் ரூம் வயர்மேன். ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் புகைக்கூட்டில் நெருப்புப் போடுபவர் என் அக்காவின் கணவர். வெள்ளைக்காரன் விட்டுப்போன வெப்பமானி உடைந்த பிறகு, மாமா ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மணிக்கொரு தரம் உள்ளே போவார். முகத்தில் அடிக்கும் அனலை வைத்தே சூட்டைச் சொல்வார். வெளியே வந்தால் சுருண்டு உட்கார்ந்து இருமுவார். சூடு ஏறினால் கூடு எரியும். குறைந்தால் தகட்டில் பூஞ்சணம் பிடிக்கும். எது நடந்தாலும் நெருப்புப் போடுகிறவனைச் சயாம் ரயில் ரோடு போடும் வேலைக்கு அனுப்புவேன் என்று ஜப்பானிய மேற்பார்வையாளன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் சொல்லியிருந்தான். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

அதனால்தான் வெளியிலிருந்தே சூட்டை அளக்க ஒரு சர்க்யூட்டைப் போட்டேன். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பானேன். செம்புக் கம்பி சூடானால் அதில் மின்தடை கூடும். மெல்லிய கம்பியைப் பீங்கானில் சுற்றிக் கூட்டுக்குள் தொங்கவிட்டேன். அதிலிருந்து இரண்டு கம்பிகளைத் தகரக் கூரைமேல் இழுத்து இன்ஜின் ரூமுக்குக் கொண்டுவந்தேன். தடித்த வயர் எங்கே கிடைத்தது அப்போது? அவையும் மெல்லியவைதான். இன்ஜின் ரூமில் நான்கு தடைகளைச் சதுரமாகக் கட்டினேன். இரண்டு சமமானவை, ஒன்று கூட்டுக்குள் தொங்கும் சுருள், இன்னொன்று திருகினால் கூடிக் குறைவது. நடுவில் ஒரு மீட்டர் முள். எல்லாம் தராசு மாதிரிதான். முள் நடுவில் நிற்கும்வரை திருகினால், திருகு நின்ற இடம் சூட்டைச் சொல்லும்.

கொதிக்கும் தண்ணீரிலும், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் வாங்கிய காய்ச்சல் கண்ணாடியால் அளந்த வெந்நீரிலும் சுருளை முக்கி அளவு குறித்தேன். அப்போது மணி எட்டு. அது ஜப்பான் மணி. தோக்கியோ நேரத்தை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். உண்மையில் சூரியன் இன்னும் எழவில்லை. கூரைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பார்த்தால் திருகு நூற்றைம்பது டிகிரி பாரன்ஹீட்டில் நின்றது. நூற்று நாற்பதைத் தாண்டினாலே ஆபத்து. விறகைக் குறைக்கச் சொன்னேன். மாமா கேட்காமல் சாக்கோடு உள்ளே போய்விட்டு வந்தார்.

"உள்ள சூடு பத்தல மாப்ள. மூஞ்சிக்கே தெரியுதுலா."

"மூஞ்சிய விடுங்க மாமா, முள்ள நம்புங்க. இனிமே உள்ளயே போவாதீங்க."

எனக்காக நம்பினார். ஆறு நாள் பகலெல்லாம் விறகைக் குறைத்தோம். ஏழாம் நாள் கூட்டைத் திறந்தால் தகடெல்லாம் பூஞ்சணம். வேண்டுமென்றே செய்தாய் என்று மேற்பார்வையாளன் மாமாவை அறைந்தான். என் முள்மேல்தான் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு எங்கே என்று எனக்கே தெரியாது என்பது பாதி உண்மை. பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்பது மீதி. அன்றைக்கே லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்து உச்சிவெயிலில் கூரை ஏறினேன். கம்பியைத் தொட்டதும் விரல் சுட்டது. பனியில் குளிர்ந்து கிடந்த கம்பியை வைத்துத்தான் நான் அளவு குறித்திருந்தேன். வெயிலில் காய்ந்ததும் கூடிய அதன் தடையும் சுருளின் தடையோடு சேர்ந்துகொண்டு, இல்லாத சூட்டை எனக்குக் காட்டியிருக்கிறது. சுருளிலிருந்து மூன்றாவதாக ஒரு கம்பி இழுத்தேன். சர்க்யூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே நீளக் கம்பி வெயிலில் கிடந்தால் வெயில் அடிபட்டுப் போகும். தராசின் இரு தட்டிலும் ஒரே எடைச் சாக்கு இருப்பது போல. அரை நாள் வேலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதை நான் அந்தக் கூரைமேல் நின்று செய்தேன்.

அடுத்த முறை கூட்டில் போட்ட தகடுகள் பொன்னாகக் காய்ந்தன. மேற்பார்வையாளன் என் தோளில் தட்டி ஒரு சிறு பை அரிசி கொடுத்தான். மரவள்ளிக் கிழங்கே தின்று வீங்கிப்போயிருந்த அக்காவிடம் கொண்டுபோனேன். பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இப்ப முள்ளு சரியா சொல்லுதா தம்பி?"

"சொல்லுதுக்கா."

"அவரு மூஞ்சி மொத நாளே சரியா சொல்லிச்சுன்னாரே."

பையைத் திரும்பக் கட்டி என் பக்கம் தள்ளினாள். மாமா வரவேயில்லை.