முனை மழுக்கிய மூலை

செல்வி, முத்து, இங்கே கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில், ஆவி பறக்கக் கொடுக்கிறார்கள். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது. வந்த புதிதில், அமரவிளையில் நான் டைல்ஸ் ஒட்டப் போன வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, டீயில சீனி போட மறந்துட்டீங்க" என்றேன். அந்த வீட்டு லில்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இது சாயா இல்ல, குடிக்கிய வெள்ளமாக்கும்." உள்ளேயிருந்து அவர் கணவரின் குரல் வந்தது: "பாண்டிக்காரனுக்குக் கொஞ்சம் சீனி போட்டுக் குடு. வறண்ட நாட்டுல இருந்து வந்தவனாக்கும்." இந்த வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள், இருந்தும் கிழக்கேயிருந்து வந்த நான் பாண்டிக்காரன். சாத்தூருக்கு வந்தால், "அப்பா மலையாளம் மாதிரி பேசுறாரு" என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள்.

தாசையா அண்ணாச்சி, அதாவது அந்தக் கணவர், லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் பறித்துவிட்டது. ஒரு சின்னக் கல் கீறிய காயம் ஆறாமல் போய், கால் விரல் ஒன்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் யார் துணையும் இல்லாமல் போக வேண்டும் என்றுதான் குளியலறையை வீட்டுக்குள்ளேயே கட்டினார்கள். அவர் அறையிலிருந்து அதற்குப் போகும் வழியில், நெஞ்சு உயரத்துக்குக் கருங்கல் போலவே இருக்கும் போர்சலின் டைல்ஸ் ஒட்டுவது என் வேலை. வழியின் பாதியில் சுவர் வெளிப்பக்கமாகத் திரும்புகிற ஒரு மூலை உண்டு.

நம் ஊரில் மூலை என்றால் நூல் பிடித்த மாதிரி கூராக நிற்க வேண்டும். நம் வீட்டு அடுப்படி மூலையை நான் முடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெருமையோடுதான் இங்கேயும் செய்தேன். லில்லி அக்கா மூலையை மூடும் ஸ்டீல் பட்டை வைக்க வேண்டாம் என்றார். அதனால் இரண்டு டைல்ஸின் ஓரத்தையும் பின்பக்கம் சாய்வாக அறுத்து, முன்விளிம்பு பிளேடு மாதிரி ஆகும்வரை தேய்த்துச் சேர்த்தேன். கல்லின் ரேகை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு அறுபடாமல் திரும்பியது. "ஒத்தக் கல்லுல செதுக்கினது கணக்கா கெடக்கு" என்றார் அக்கா. எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த மூலையைத் துடைத்தேன். துணியில் சிவப்பாக ஒரு கோடு. என் பெருவிரல் கீறியிருந்தது, வலிகூடத் தெரியவில்லை. நிமிர்ந்தால், அண்ணாச்சி உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தடவியபடி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க!"

நின்றார். கைக்கும் மூலைக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான்.

"என்னடே, தரை நனஞ்சு கெடக்கா?"

"தரை இல்ல அண்ணாச்சி. மூலை. கைய எடுங்க. நான் ரொம்பக் கூரா வச்சுட்டேன்."

அவர் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார். "கத்தியத் தீட்டி வழியில நிறுத்தி வச்சிருக்கியே, எனக்க மேல என்ன கோவம்டே?" என்று சிரித்தார். லில்லி அக்கா சிரிக்கவில்லை. அவர் பார்வை அண்ணாச்சியின் காலில் இருந்தது. கண்ணுக்காக வேலை செய்து பழகிய நான், அந்த வீட்டில் சுவரைப் பார்க்கப்போவது ஒரு கை என்பதை நினைக்கவே இல்லை.

அறுக்கும்போதே விளிம்பில் ஒரு நூல் கனம் விட்டுவைத்து, பிறகு முனையை மழுக்கியிருக்க வேண்டும். இனி தேய்ப்பது ஒன்றுதான் வழி. ஆனால் இந்த டைல்ஸில் கல் என்பது மேல்தோல் மட்டும்தான். வைரப் பொடி பதித்த தேய்ப்பானை நனைத்து மேலிருந்து கீழே இழுக்க இழுக்க, உள்ளேயிருந்த வெளுப்பு எட்டிப் பார்த்தது. கல் நிறத்தில் எப்பாக்ஸிப் பசை கலந்து பூசினேன். அப்படியும் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது.

"அக்கா, கோடு தெரியுது."

"கெடந்தா கெடக்கட்டு. அவருக்க கை கீறாம இருந்தா மதி, அது போரும்."

பூச்சு நன்றாக இறுகிய பிறகு, மறுநாள் அண்ணாச்சியை நடக்கச் சொன்னேன். கை சுவரோடு வந்தது, மூலையில் வளைந்தது, அடுத்த சுவரில் போனது. நாலு எட்டு போனவர் நின்று திரும்பினார். "எலே பாண்டிக்காரா, மூலை எங்கடே?"

"அத அப்பமே தாண்டிட்டீங்க அண்ணாச்சி."

சிவப்புத் தண்ணீர் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன், சீனி கேட்கவில்லை.

போன மாதம் ஊருக்கு வந்தபோது, நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மாவும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பையிலிருந்து தேய்ப்பானை எடுத்தேன். நம் அடுப்படி மூலையை, முத்து ஓடிவந்து திரும்பும்போது தலை வருகிற உயரத்துக்கு மேலேயும் சேர்த்து, மழுக்கினேன். வெளுப்புத் தெரிந்தது. பூசுவதற்கு நிறம் இல்லை, அப்படியே விட்டேன். கண்ணை மூடி, மேலிருந்து கீழே ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன். களியக்காவிளை எல்லையைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், சட்டைக் கையில் நம் வீட்டுத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை. மறுநாள் அதே சட்டையோடு வேலைக்குப் போனேன்.