ஓரத்தில் விட்டுப்போன ஓட்டைகள்

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். திருப்பதி ஆஸ்பத்திரியில், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தானாக மூச்சுவிட வரவில்லை. மெஷின் வைத்தார்கள்.

ஆக்ஸிஜன் என்றால் மற்ற அப்பாக்களுக்கு நிம்மதி. எனக்கு பயம். காரணம் என் வேலை.

எங்கள் குடும்பத்துக்கு நகரி என்ற ஊரில் பவர்லூம் நெசவு. நான் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். குறைமாதக் குழந்தைக்கு நாள்கணக்கில் ஆக்ஸிஜன் கொடுத்தால், சில சமயம் நுரையீரலில் சின்னச் சின்ன காற்றறைகள் உண்டாகாமல் பெரிய ஓட்டைகளாக நின்றுவிடும். எலிக்குட்டிகளின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி, படமெடுத்து, அந்த ஓட்டைகளை அளப்பார்கள். அளக்கிற சாஃப்ட்வேர் நான் எழுதியது. ஒரு புது மருந்து பலிக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்த்தார்கள்.

அதில் ஒரு தப்பு இருந்தது. படத்தின் ஓரத்தைத் தொடும் ஓட்டைகளை அது அளக்காமல் விட்டுவிடும். பெரிய ஓட்டைகள்தானே அதிகமாக ஓரத்தைத் தொடும்? அதனால் கெட்டுப்போன நுரையீரலும் தேறிவிட்டதுபோலத் தெரிந்தது. மருந்து பலிக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு விஷயம் தெரியும். சொல்லவில்லை. கூடப் படித்தவர்களெல்லாம் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் அங்கே வேலைக்கு, ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய மேடத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது.

"ஏங்க, காலைலேர்ந்து நடந்துகினே கீறீங்க. செத்த குந்துங்க," என்றாள் என் மனைவி செல்வி.

"குந்த முடியல செல்வி."

பிள்ளை பிறந்த தீட்டு என்பதால் திருமலைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரி மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "கோவிந்தா, எம் பொண்ணுக்கு மூச்சக் குடு." கும்பிடும்போதெல்லாம் அந்த ஓட்டைகள்தான் கண்முன் வந்தன. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேடம் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் திறந்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா, மேடம்."

"நாளைக்கு அந்த மருந்த உன் பாப்பாவுக்கே போட்டா?"

அழுதுவிட்டேன். சாஃப்ட்வேரைத் திருத்தி எல்லாப் படங்களையும் மறுபடி அளந்தோம். மருந்து பலிக்கவில்லை. கடிதத்தை நான் கேட்கவே இல்லை.

சொன்னவுடன் குழந்தை தேறிவிடவில்லை. மறுநாள் இன்னும் மோசமானாள். இவ்வளவுதானா சாமி என்று கோபம்கூட வந்தது. ஆனாலும் கும்பிடுவதை விடவில்லை. பத்தொன்பதாம் நாள் நர்ஸம்மா வெளியே வந்தார்.

"பாப்பாவோட நைனா யாரு? உள்ள வாங்க. மெஷின எடுத்தாச்சு. தானா மூச்சு உடுது, பாருங்க."

அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதே ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறேன். எது எழுதினாலும், அதில் தப்பு கண்டுபிடியுங்கள் என்று முதலில் நாலு பேரிடம் கொடுக்கிறேன். அன்று மூச்சு கேட்டேன், ஏழுமலையான் கொடுத்தான். கேட்காத ஒன்றையும் கொடுத்தான். உண்மையைச் சொல்லும்வரை என்னை உட்காரவிடாத அந்தத் தவிப்பும் அவன் அருள்தான்.

உங்கள் மனமும் இப்படித் தவித்துக்கொண்டிருக்கலாம். அடங்கிய பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தத் தவிப்போடே கூப்பிடுங்கள். அவனுக்குக் கேட்கும்.