மிளகாய் போடாத சட்டி

வயிற்றில் புண் இருக்கிறது, கொஞ்ச நாளைக்குக் காரம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் என் மனைவி மிளகாய் போடாமல் பருப்பை மட்டும் கடைந்து சோற்றில் ஊற்றினாள். அந்த வாசனை மேலே எழும்பியதும் கொடைரோடு பக்கத்து அநாதை இல்லத்தில், வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வெளிநாட்டுக்குத் தத்துப் போகிற பிள்ளையைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவோம். போகிற ஊரில் காரம் கிடையாது, இப்போதே நாக்கு பழகட்டும் என்று சமையல்கார ராசாத்தி அக்கா அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டியில் மிளகாய் இல்லாத பருப்பு வைப்பாள். ஒருநாள் எனக்கும் என் தங்கை செல்விக்கும் அந்தச் சட்டியிலிருந்து ஊற்றினாள். டென்மார்க் என்றார்கள். மற்ற பிள்ளைகள் எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் என் தட்டில் மட்டும் சிவப்பாகக் குழம்பு விழுந்தது. செல்விக்கு அதே பருப்பு. தத்தெடுக்கிற டென்மார்க்காரர்களுக்கு ஒரு பிள்ளை போதுமாம். அதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சாப்புடு அப்பு, ஆறிரும்," என்றாள் அக்கா.

சாப்பிட்டேன். உறைக்கவில்லை. செல்வி எப்போதும்போல என் தட்டுக்குக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து அவள் தட்டிலேயே வைத்தாள்.

"உனக்கு இனி அது வேணாம் தாயி."

"ரொம்பச் சப்புன்னு இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"பழகுனதுதேன். இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றேன்.