கிளைவ் அடைத்த ஏழு துளைகள்

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில் கிளைவ் ஹார்கிரீவ்ஸ் என்று கேட்டால் யோசிப்பார்கள். "தொட்டிக்காரன்" என்றால் உடனே சிரிப்பார்கள். கல்யாணமான மூன்றாம் வாரம் இரும்புக் குளியல் தொட்டியை மாடிக்கு ஏற்றப் போனான். கை நழுவியது. தொட்டி படியிறங்கி, வாசல் தாண்டி, சரிவான தெருவில் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைத் துரத்தியது. பக்கத்து வீட்டுக்காரி நான். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவன் பஸ் கண்டக்டர். சுத்தியலை எடுத்தால் ஆணிக்கு முன்னால் விரல் நசுங்கும். ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த அந்தப் பாழடைந்த வீட்டை வாங்கியதே மனைவி பெரிலுக்காகத்தான். அவளுக்கு நெஞ்சு பலவீனம். பதினெட்டு வயதில் ஒன்றரை வருஷம் காசநோய் மருத்துவமனையில் கிடந்தவள். "குளிர்காலத்துக்குள்ள வீடு கதகதப்பாகலைன்னா எம் பொண்ணு எங்கூட எங்க ஊரு மோர்கேம்புக்கு வந்துருவா" என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் மாதம், கிளைவ் வாளியும் கொத்துக்கரண்டியுமாக வெளிச்சுவர் அடியில் குந்தியிருந்தான். அங்கே துளை போட்ட செங்கற்கள் ஏழு.

"என்னப்பா கிளைவ், வீட்டுக்குப் பல்லு அடைக்கிறியா?" என்றேன்.

"காத்து இது வழியாத்தான் வருது, மிசஸ் பூத். தரைப்பலகை இடுக்குல ஏறி அவ காலப் புடிக்குது. ஏழையும் அடைச்சுட்டா தீந்துச்சு."

சிமெண்ட் பத்தவில்லை. என் கொல்லையில் கிடந்த அரை மூட்டையை நானே தூக்கிக் கொடுத்தேன். தரைக்கு அடியில் மரம் காய்ந்து கிடக்கத்தான் அந்தத் துளைகள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பது வருஷம் இந்தத் தெருவில் குடியிருந்து என்ன பிரயோஜனம்!

அந்தக் குளிர்காலம் வீடு அவ்வளவு கதகதப்பு. "பாருங்க மிசஸ் பூத், சாக்ஸ் கூடப் போடல!" என்று பெரில் கணப்பு முன்னால் உட்கார்ந்து வெறும் காலை ஆட்டிக் காட்டினாள். கிளைவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த இலையுதிர்காலம் வீட்டுக்குள் காளான் வாடை. பெரிலுக்கு இருமல். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இவன் ஓடுகளை மாற்றினான். ஒரு நாள் காலை சாப்பாட்டு மேசையின் கால் தரைக்குள் இறங்கியது. பலகையைப் பெயர்த்தால், அடியில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. தரையைத் தாங்கும் உத்தரக்கட்டை தொட்டதும் உதிர்ந்தது.

பார்க்க வந்த கொத்தனார் சுவரைச் சுற்றிவிட்டு, "இத அடைச்ச புத்திசாலி யாரு?" என்று கேட்டார். கிளைவ் மெதுவாகக் கையைத் தூக்கினான். நான் தூக்கவில்லை. இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாமியார் பெட்டியோடு வந்து மகளைக் கூட்டிப் போனாள்.

ஏழு மாதம், வேலை முடித்து வந்து தினமும் தனி ஆளாகத் தரையைப் பிரித்தான். கெட்ட மரத்தை எரித்தான், துளைகளை உளியால் திறந்தான், புதுப்பலகை இழைத்துப் போட்டான். பிசிறில்லாத வேலை. தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

மே மாதம் பெரில் பார்க்க வந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தான். முன்னறை நடுவில் நின்று ஒரு மூச்சு இழுத்தாள். எங்களுக்குத் தெரியாத பூஞ்சை வாடை அவளுக்கு எட்டியதோ என்னவோ, இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவேயில்லை.

"கோட்டக் கழட்டிட்டு உக்காரு கண்ணு. டீ போடறேன்."

"வேணாம் கிளைவ். ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே, நெஜமா. ஆனா இங்க என்னால மூச்சு விட முடியல."

கிட்டே போய் அவள் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"வெளிய காத்தடிக்குது" என்றான்.